அண்ணத்தில் ஓட்டை, வாயில் தட்டு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வாய்ப் புற்றுக்காக மேல்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்தவர்கள், 2021இல் கொரோனாவுக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை வந்து தாடை எலும்பை இழந்தவர்கள், அண்ணப் பிளவோடு பிறந்து பாதி சிகிச்சையோடு வளர்ந்தவர்கள் என்று பலரும் கடைசியில் வந்து சேருவது பல் கட்டும் டாக்டரின் நாற்காலிக்குத்தான். வந்த வழி வேறு வேறு என்றாலும் படுகிற பாடு ஏறக்குறைய ஒன்றே. குடித்த காப்பி மூக்கில் வருகிறது. பேசினால் எதிரே இருப்பவர் “என்ன சொன்னீங்க?” என்று மறுபடி கேட்கிறார். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடத் தோன்றுகிறது.

பல்லும் வாயும் ஒருவருடைய வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கின்றன என்று அளக்கப் பல் மருத்துவர்கள் 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். சொல்லை உச்சரிக்கச் சிரமமா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்ததா, நாலு பேர் நடுவில் சங்கடப்பட்டீர்களா என்று அது கேட்கும். திருச்சி காந்தி மார்க்கெட்டில் விலை சொல்லி விற்கிறவருக்கும் ஸ்ரீரங்கத்தில் கோஷ்டியில் நின்று பிரபந்தம் சேவிக்கிறவருக்கும் அந்தக் கேள்விகளின் அர்த்தம் இன்னும் ஆழமாகத் தெரியும். ஒருவருக்குப் பிழைப்பே குரல்தான். மற்றவருக்குக் காலை நேரமே குரலுக்காகத்தான்.

இனி வருவது நோயாளிக்கும், கூட வருகிற வீட்டாருக்கும்.

கத்தி வைப்பதற்கு முன்

செய்ய வேண்டியவை:

ஆபரேஷன் தேதி குறித்த உடனே பல் கட்டும் டாக்டரைப் பாருங்கள். போர்டில் ப்ராஸ்தோடான்டிஸ்ட் என்று போட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள். “உயிர் பிழைச்சு வரட்டும், பல்லை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று வீட்டார் சொல்வது இயல்பு. ஆனால் மேல்தாடையை எடுத்த பிறகு அளவெடுப்பது கஷ்டம். எடுப்பதற்கு முன்னால் அளவெடுத்தால் கையில் முழு வாயின் அச்சு இருக்கும். சர்ஜன் எதுவரை வெட்டப்போகிறார் என்று கேட்டுக்கொண்டு, அந்த அச்சில் அதே இடத்தை வெட்டி, அதன்மேல் ஒரு தட்டு செய்து வைத்துவிடுவார்கள். ஆபரேஷன் மேஜையிலேயே அது மாட்டப்படும். மயக்கம் தெளிகிறபோது அண்ணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அண்ணம் இருக்கும். உள்ளே வைத்த பஞ்சுக்கட்டையும் அது தாங்கிக்கொள்ளும். பேச்சு ஓரளவு புரியும், விழுங்குவது சுலபமாகும், மூக்குக் குழாயோடு இருக்க வேண்டிய நாளும் குறையக்கூடும். மனசுக்கு அது எவ்வளவு தைரியம் என்பதைத் தட்டு இல்லாமல் கண் விழித்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

எந்தப் பல்லைக் காப்பாற்ற முடியும் என்று சர்ஜனிடம் நேராகவே கேளுங்கள். எஞ்சிய பக்கத்தில் உறுதியாக நிற்கிற ஒரு கோரைப்பல்லும் இரண்டு கடைவாய்ப் பல்லும் தட்டைக் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளப் பெரிய உதவி. நோய்க்கு இடம் கொடுக்காமல் ஒரு பல்லை விட்டு வைக்க முடியுமானால் அது பின்னால் பல வருஷம் பேசும்.

கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கப் போகிறார்கள் என்றால், பிடுங்க வேண்டிய சொத்தைப் பல்லை முன்கூட்டியே பிடுங்கி, புண் ஆறக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் கொடுங்கள்.

செய்யக்கூடாதவை:

கரண்ட் வைத்து முடித்த தாடையில், “ஒரு பல்லுதானே” என்று தெருமுனை கிளினிக்கில் போய்ப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கதிர்வீச்சு பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகலாம். கீழ்த்தாடையில் இது அதிகம். வருஷங்கள் கழித்தும் வரும். பத்து வருஷத்துக்கு முந்தைய கரண்டாக இருந்தாலும் பல் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

எந்த இடத்துக்கு எவ்வளவு டோஸ் கொடுத்தார்கள் என்ற சீட்டை வாங்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள். பின்னால் இம்ப்ளாண்ட் என்று பேச்சு வரும்போது டாக்டர் கேட்கிற முதல் காகிதம் அது.

தட்டு கையில் வந்த பிறகு

ஒரு முழுத் தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் புரியும். பல்செட் மாதிரியே ரோஸ் நிற அக்ரிலிக், வரிசையாகப் பல், ஓரத்தில் கம்பிக் கொக்கி. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் முட்டை அளவுக்கு ஒரு திரட்சி மேலே எழும்பியிருக்கும். அந்தத் திரட்சிதான் ஓட்டைக்குள் போய் அடைப்பது. அதைக் குடைந்து உள்ளே காற்று மட்டும் இருக்கும்படி செய்வார்கள். திடமாக வார்த்தால் கனத்தில் தட்டு கீழே இறங்கும், கொக்கி போட்ட பல்லையும் ஆட்டிவிடும். இந்தத் தட்டுக்கு ஆப்டியூரேட்டர் என்று பெயர். நோயாளிகள் பிளேட்டு என்றும் தட்டு என்றும்தான் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அறுவை மருத்துவர் அம்ப்ரோய்ஸ் பாரே இதே வேலைக்குத் தகடுகள் செய்தார். மூலப்பொருள் மாறியிருக்கிறது, யோசனை அதேதான்.

மூன்று தட்டு வரும் என்று எதிர்பாருங்கள். மேஜையில் மாட்டுவது ஒன்று. புண் ஆறி ஓட்டையின் அளவு மாறிக்கொண்டே இருக்கிற மாதங்களுக்கு ஒன்று. இதை அடிக்கடி உள்பூச்சு போட்டுச் சரி செய்ய வேண்டியிருக்கும். எல்லாம் அடங்கிய பிறகு நிரந்தரமாக ஒன்று. இரண்டாவதிலேயே வெறுத்துப்போய் வராமல் நின்றுவிடுகிறவர்கள் நிறைய.

செய்ய வேண்டியவை:

கசிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தமிழ் பேசுகிறவருக்கு இந்தச் சோதனை சுலபம். வல்லினத்துக்கு இனமான மெல்லினம் வாயில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் பிறக்கிறது: க-வுக்கு ங, ட-வுக்கு ண, த-வுக்கு ந, ப-வுக்கு ம. மெல்லினத்துக்குக் காற்று மூக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணத்தில் ஓட்டை இருந்தால் எல்லாக் காற்றும் மூக்குக்கே ஓடிவிடும்; அதனால் சொல்கிற வல்லினமெல்லாம் மெல்லினமாகக் கேட்கும். ‘பாட்டி’ என்று கூப்பிட்டால் ‘மாண்ணி’ என்று விழும். இப்போது தட்டை மாட்டிக்கொண்டு, ‘பாப்பா’, ‘தாத்தா’, ‘காக்கா’ என்று சொல்லிக்கொண்டே மூக்குத் துவாரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். மூச்சு விட்டு அது பட்டுவிடாமல், பேச ஆரம்பித்த பிறகு பிடிக்க வேண்டும். கண்ணாடியில் ஆவி படியக்கூடாது. அடுத்து ‘அம்மா’, ‘மாமன்’ என்று சொல்லுங்கள். இதற்குப் படிய வேண்டும். முதலாவதில் படிந்தால் தட்டு கசிகிறது. இரண்டாவதிலும் படியவில்லை என்றால் தட்டின் பின்பகுதி அளவுக்கு மீறி அடைக்கிறதோ என்று டாக்டர் பார்க்க வேண்டும். எந்த எழுத்தில் கசிகிறது என்று குறித்துக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

தினம் சத்தமாக வாசியுங்கள். செய்தித்தாள், பிரபந்தம், பைபிள், எதுவானாலும் சரி. புது அண்ணத்துக்கு நாக்கு பழக வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள். நாக்கிலும் கத்தி வைத்திருந்தால் அவர் இல்லாமல் முடியாது.

வலித்தால், உரசினால், ஆடினால் போய்க் காட்டுங்கள். உளவியல் மேதை சிக்மண்ட் பிராய்டுக்கு 1923இல் தாடையில் புற்று வந்தது. அதன் பின் சாகும்வரை பதினாறு வருஷம், முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள், மாற்றி மாற்றிச் செய்த தட்டுகள். அந்தத் தட்டை அவர் வீட்டில் ‘ராட்சசன்’ என்றுதான் சொல்வார்களாம். அவ்வளவு பெரிய மனிதரையே ஆட்டிவைத்த சமாசாரம் இது. நம்மவர்கள் “கொஞ்சம் குத்துது டாக்டர், பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பரவாயில்லை என்று சொல்லாதீர்கள். தட்டு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதுதான் மேல்தாடை எடுத்தவர்களின் மன நிம்மதியோடு மிக நெருக்கமாக ஒட்டியிருக்கிறது என்று 1996இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று காட்டியது.

செய்யக்கூடாதவை:

தட்டை நீங்களே அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். உடைந்தால் பெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள்; உடைந்த துண்டுகளை அப்படியே கொண்டுபோங்கள். கம்பியைக் குறடால் வளைக்காதீர்கள்.

சாப்பிடும்போது கழற்றிப் பேப்பர் நாப்கினில் சுற்றி இலை ஓரம் வைக்காதீர்கள். இலையை எடுக்கிறவர் அதையும் சேர்த்து மடித்துக்கொண்டு போய்விடுவார். அதன் பின் மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியலைக் கிளறுவது யாருக்கும் வேண்டாம். மூடி போட்ட டப்பா ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

அம்மா மண்டபத்தில் முங்கிக் குளிப்பதை நிறுத்துங்கள். அமாவாசை, ஆடிப்பெருக்கு என்றால் மனசு போகும், தெரியும். சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டால் போதும். தலையை உள்ளே அமிழ்த்தினால் ஆற்றுத் தண்ணீர் ஓட்டைக்குள் போகும். ஒரு தும்மலில் தட்டு காவிரியோடு போய்விடும்.

சாப்பாடு, தண்ணீர்

முதல் விஷயம், அண்ணாந்து குடிக்காதீர்கள். எச்சில் படாமல் தூக்கிக் குடிப்பது ஸ்ரீரங்கத்து வீடுகளில் சின்ன வயதிலேயே சொல்லித் தரப்படுகிற ஆசாரம். அண்ணத்தில் ஓட்டை உள்ளவருக்கும் நாக்கில் அறுவை நடந்தவருக்கும் அது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் தண்ணீர் நாக்கின் கட்டுப்பாட்டை மீறி நேரே தொண்டைக்குப் போகும். மூச்சுக்குழாயில் இறங்கினால் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் கொண்டு விடும். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, டம்ளரில் வாய் வைத்துச் சின்னச் சின்ன மடக்காகக் குடியுங்கள். நோயாளிக்கென்று தனி டம்ளர் இருக்கட்டும். பாட்டி முகம் சுளித்தால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், அது உண்மைதான்.

தட்டு வந்த முதல் வாரத்தில் குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், ஊறின இட்லி. மெல்லுவது பல் இருக்கிற நல்ல பக்கத்தில் மட்டும். தட்டுப் பக்கம் மென்றால் அது அழுந்தி, மறுபுறம் கிளம்பி, கொக்கி போட்ட பல்லைச் சிறுகச் சிறுக ஆட்டிவிடும். முன்பல்லால் கொய்யாவைக் கடித்து இழுக்க வேண்டாம், நறுக்கிச் சாப்பிடலாம்.

கீரை வகை கவனம். ஏகாதசி விரதம் இருந்து துவாதசி பாரணைக்கு அகத்திக்கீரை இல்லாமல் முடியாது என்கிறவர்கள் நாரை எடுத்துவிட்டு, பொடிப்பொடியாக அரிந்து, நன்றாக வேகவைத்து மசித்துக்கொள்ளட்டும். கீரை நார் தட்டுக்கும் ஓட்டை விளிம்புக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொண்டு இரண்டு நாளில் நாற்றமடிக்கும். நெல்லிக்காயைப் பச்சடியாக அரைத்துவிடுங்கள். கரண்ட் வைத்த வாய்க்குப் புளிப்பு எரியும்.

ஆவி பறக்கிற பில்டர் காப்பி வேண்டாம். அண்ணத்தைத் தட்டு மூடியிருப்பதால் சூடு தெரியாது. உதட்டிலும் கன்னத்திலும் அறுவைக்குப் பின் மரத்துப்போன இடங்கள் இருக்கும். தொண்டைக்குப் போன பிறகுதான் சுட்டது தெரியும். காப்பிக்கு ருசி போய்விட்டது என்று புலம்பாதவர்களே கிடையாது. அண்ணம் மூடியதும் எச்சில் வற்றியதும் சேர்ந்து செய்கிற வேலை அது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வருகிறது என்பதும் உண்மை.

கழுவுதல்

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கழற்றிக் கழுவ வேண்டும், தட்டையும் ஓட்டையையும். வாஷ்பேசினில் தண்ணீர் நிறைத்து, அல்லது ஒரு துண்டை விரித்து, அதன்மேல் வைத்துக் கழுவுங்கள். கை தவறினாலும் உடையாது. மென்மையான பிரஷ், சாதாரண சோப்பு போதும். பற்பசை போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய கீறல் விழும், அதில் பூஞ்சை குடியேறும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றவே கூடாது. அக்ரிலிக் கோணிப்போகும், பிறகு எந்த டாக்டராலும் அதை நிமிர்த்த முடியாது. உலோகச் சட்டம் உள்ள தட்டைப் பிளீச்சிங் கரைசலில் ஊறப்போடாதீர்கள்.

ஓட்டையைக் கழுவ, கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் நேராக வேண்டாம். உள்ளே பக்கு கட்டியிருந்தால் ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும், நகத்தால் சுரண்டக்கூடாது.

நிரந்தரத் தட்டு வந்த பிறகு டாக்டர் வேறு மாதிரி சொன்னாலொழிய ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். கழற்றுகிற நேரத்தில் டார்ச் அடித்து உள்ளே ஒருமுறை பாருங்கள். சதையால் ஓட்டையை மூடாமல் தட்டு போடுவதில் இருக்கிற பெரிய சௌகரியமே இதுதான்: புதிதாக ஒரு தடிப்போ, தொட்டால் ரத்தம் வருகிற புண்ணோ வந்தால் கண்ணில் படும். இரண்டு வாரத்தில் ஆறாத எதையும் காட்டிவிடுங்கள்.

வாய் திறப்பது

ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் பின் தாடைத் தசை இறுகும். நடுவில் உள்ள மூன்று விரலையும் நெட்டுக்குத்தாக அடுக்கி முன்பல்லுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா பாருங்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் வாய்ப்பூட்டு என்று கணக்கு. வாய் திறக்காவிட்டால் தட்டை மாட்டவும் முடியாது, அளவெடுக்கவும் முடியாது, இம்ப்ளாண்ட் பற்றிப் பேச்சே இல்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கி நுழைத்து, நாளுக்கு நாள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பயிற்சி செய்வது பழைய, செலவில்லாத வழி. டாக்டர் சொன்ன நாளில் தொடங்குங்கள். வலிக்கிறது என்று ஒரு மாதம் விட்டால் விட்ட இடத்தைப் பிடிப்பது பெரும்பாடு.

இம்ப்ளாண்ட்

உலகத்தில் முதன்முதலாக டைட்டானியம் பல் இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர், தாடையும் முகவாயும் பிறவியிலேயே கோணலாக அமைந்த ஒரு மனிதர். பெயர் யோஸ்டா லார்சன், ஊர் ஸ்வீடனின் கோதன்பர்க், வருஷம் 1965. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்பதைக் கண்டறிந்த பெர்-இங்வார் பிரானெமார்க்தான் வைத்தார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை உழைத்தன. ஆக, இந்த வைத்தியம் அழகுக்காகத் தொடங்கியதல்ல. வாயில் குறையோடு இருந்தவருக்காகவே தொடங்கியது. இன்று தில்லை நகர் பக்கம் போர்டுகளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது, அது வேறு விஷயம்.

தட்டு நிற்க வேறு பிடிமானம் இல்லாதவர்களுக்கு இம்ப்ளாண்ட் பெரிய வரம். மேல்வாயில் ஒரு பல் கூட இல்லாமல், பாதி அண்ணமும் போன பிறகு, தட்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? எஞ்சிய எலும்பில் இரண்டு மூன்று இம்ப்ளாண்ட் போட்டு, அதன்மேல் பட்டன் மாதிரியோ குறுக்குக் கம்பி மாதிரியோ வைத்து, தட்டை ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளலாம். தாடையில் எலும்பே இல்லை என்றால் கன்ன எலும்பு இருக்கிறது: சாதாரண இம்ப்ளாண்ட் 8இலிருந்து 15 மில்லிமீட்டர் வரை என்றால், கன்ன எலும்பில் போய் ஊன்றுவது 30இலிருந்து 50 மில்லிமீட்டருக்கு மேலும் போகும். கருப்புப் பூஞ்சையில் தப்பித்தவர்கள் பலருக்கு இது கைகொடுத்திருக்கிறது. கீழ்த்தாடை வெட்டப்பட்டவர்களுக்குக் காலின் பக்க எலும்பை எடுத்து வைத்துத் தாடை செய்து, அதில் இம்ப்ளாண்ட் ஊன்றுகிறார்கள்.

செய்ய வேண்டியவை:

எல்லா மருந்தையும் சொல்லுங்கள். முக்கியமாக எலும்புக்குப் போடுகிற சோலட்ரோனிக் ஆசிட், டினோசுமாப் ஊசிகள். வருஷத்துக்கு ஒரு முறை போடுகிற ஊசிதானே என்று விட்டுவிடுகிறார்கள். அவற்றைப் போட்டுக்கொண்டவர் தாடையில் துளை போட்டால் எலும்பு செத்துப்போகும் அபாயம் இருக்கிறது.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே நாள் குறியுங்கள். கருப்புப் பூஞ்சை பெரும்பாலும் கட்டுப்படாத சர்க்கரையின் மேல்தான் வந்து உட்கார்ந்தது, ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டது. நோய் முழுதாக ஒழிந்தது என்று மூக்கு, தொண்டை டாக்டர் எழுதிக் கொடுத்த பின்தான் அடுத்த படி.

என்ன கம்பெனி இம்ப்ளாண்ட், என்ன தடிமன், என்ன நீளம் என்று எழுதின அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஒரு திருகு தளர்ந்தால், எந்த ஊர் டாக்டரானாலும் அதைப் பார்த்துத்தான் சாவி எடுப்பார்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது வாயில் இம்ப்ளாண்ட் இருப்பதைச் சொல்லுங்கள். டைட்டானியத்தால் தொந்தரவு இல்லை. காந்தம் வைத்துப் பிடிக்கிற தட்டு என்றால் கட்டாயம் கழற்ற வேண்டும்.

இம்ப்ளாண்டைச் சுற்றிச் சின்ன பிரஷ் விட்டுத் தினமும் சுத்தம் செய்யுங்கள். சொத்தை விழாது என்பதால் கவனம் வேண்டாம் என்றில்லை. ஈறு வீங்கி, சீழ் வைத்து, எலும்பு கரைந்து மொத்தமாகக் கழன்று வரும். தட்டில் இருக்கிற நைலான் வளையம் தேயும், மாற்றிக்கொள்ள வேண்டும். அது பழுது ஆகாது, டயர் தேய்வது மாதிரி.

செய்யக்கூடாதவை:

“மூன்றே நாளில் நிலையான பல்” விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தாடை அறுவை நடந்தவரை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். நல்ல எலும்பு உள்ளவர்களில் பொருத்தமானவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்கிறபோது அது சரியாகவே இருக்கலாம். கரண்ட் பட்ட எலும்பின் கணக்கு வேறு. பொதுவாகக் கரண்ட் முடிந்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். வைத்த பிறகும் எலும்பு பிடிக்க மாதங்கள் ஆகும்.

இம்ப்ளாண்ட் இல்லாமல் தட்டே நன்றாக நிற்கிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்டார் என்பதற்காக நீங்களும் போட்டுக்கொள்ளாதீர்கள். என் அபிப்பிராயம் இது: முதலில் நல்ல தட்டு, அது நிற்காவிட்டால்தான் இம்ப்ளாண்ட். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. ஆறின புண்ணை மறுபடி கிளறுவதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

வெற்றிலை, பாக்கு, மற்றவை

“நான் புகையிலை தொட்டதே இல்லை, சாப்பாட்டுக்கப்புறம் வெறும் வெத்தலை பாக்குதான்.” இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கையே புற்றுண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும். வாய் இறுகி, விரல் நுழையாமல் போகிற நோய்க்கும் பாக்குதான் முக்கியக் காரணம். பெருமாள் சன்னிதியில் தாம்பூலம் வாங்கிக்கொள்ளலாம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெல்லாதீர்கள்.

உறையூர் சுருட்டு ஒரு காலத்தில் லண்டன்வரை போனது. ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தே திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பதாக 1887இல் வந்த முதல் நாவலிலேயே வருகிறது. ஊர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பிராய்டு தாடை போன பிறகும் சுருட்டை விடவில்லை. நீங்கள் விட்டாக வேண்டும். புகை இம்ப்ளாண்டைச் சுற்றி எலும்பு பிடிப்பதைக் கெடுக்கும், புற்று திரும்ப வரவும் வழி செய்யும். ஹான்ஸ், கூல் லிப் எல்லாம் 2013இலிருந்தே தமிழ்நாட்டில் தடை செய்த குட்கா வகையறா. கடைக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார் என்பது வீட்டில் உள்ள காலேஜ் பையனுக்கும் தெரியும். அப்பாவின் தட்டை அவனுக்கு ஒருமுறை காட்டுங்கள்.

வீட்டார்

நோயாளி பேசும்போது அவருக்குப் பதிலாக நீங்கள் வாக்கியத்தை முடிக்காதீர்கள். புரியாவிட்டால் “மாமா, இன்னொரு தடவை சொல்லுங்கோ” என்று கேளுங்கள். புரிந்த மாதிரி தலையாட்டுவது அவருக்குத் தெரிந்துவிடும். தனியாக உட்கார வைத்துச் சோறு போடாதீர்கள். முதலில் வீட்டாரோடு, அப்புறம் நெருங்கின உறவோடு, அப்புறம் பந்தியில். சாப்பிட ஆகிற நேரம் கூடுதல், அதனால் அவரை முதல் பந்தியில் ஓர இடத்தில் உட்கார வையுங்கள். கழுவப் போக வழி கிடைக்கும்.

குழந்தைகள்

அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைக்கு அறுவை முடிந்து, ஈறில் எலும்பு வைத்து, கோரைப்பல் இறங்கி, கிளிப் போட்டு எல்லாம் ஆனாலும் இம்ப்ளாண்ட் வளர்ச்சி நின்ற பிறகுதான். பெண்ணுக்குப் பதினேழு, பதினெட்டு. பையனுக்கு இருபதை ஒட்டி. முன்னாலேயே வைத்தால் தாடை வளர்ந்து கீழே இறங்கும், இம்ப்ளாண்ட் மட்டும் அங்கேயே நின்று பல் குட்டையாகத் தெரியும். கல்யாணப் பேச்சை வைத்து அவசரப்படுத்தாதீர்கள். அதுவரை கழற்றி மாட்டுகிற பல் இருக்கிறது.

செலவும் போக்குவரத்தும்

திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது; திருச்சியிலிருந்து பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். 1800 425 3993 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு முன்பே, தட்டுக்கும் சேர்த்து அனுமதி எழுதுகிறார்களா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேஜையில் கேட்டுவிடுங்கள். பிற்பாடு தனியாகக் கேட்டால் அலைய விடுவார்கள்.

சிகிச்சைக்காக ரயிலில் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுதும் தள்ளுபடி. துணைக்கு வருகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான ரயில்வே படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஜங்ஷன் கவுண்டருக்குப் போய் நின்றுகொண்டு அதைத் தேடாதீர்கள், டிஸ்சார்ஜ் ஆகிற அன்றே வாங்கிவிடுங்கள்.